காற்று உள்ளே போகும் வீடு

ஐப்பசியில் வங்கக் கடலில் உருவான காற்றழுத்தத் தாழ்வு நிலை ஒன்று, மேற்கே நகரும் என்று டிவியில் சொன்னபடி நகர்ந்து, கரையைக் கடக்கும் என்று சொன்னபடி கடந்து, வலுவிழந்து மறைந்துவிட்டது என்று சொன்ன அன்று மட்டும் பேச்சைக் கேட்காமல், அளத்துக்கரையின் கடைசி வீட்டுக்கு மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. அந்த வீட்டில் சுயம்புக்கனியும் அவள் புருஷன் தவசிலிங்கமும் கல்யாணமான நாள் முதல் குடியிருந்தார்கள். ஊரில் மற்ற எல்லா வீட்டுக்கும் வெயில் வந்துவிட்டது, கோழிகள் சிறகை விரித்துக் காயவைத்தன, இவர்கள் வீட்டுத் தகரக் கூரையில் மட்டும் மழை கொட்டிக்கொண்டே இருந்தது. மேகம் ஒன்று பாக்கி நிற்கிறது, நாளைக்குப் போய்விடும் என்று ஊரார் சொன்னார்கள். கார்த்திகை போயிற்று, மார்கழி போயிற்று, அது போகவில்லை.

அளத்துக்கரை உப்பு விளையும் ஊர். கடல் தண்ணீரைப் பாத்தியில் கட்டி, வெயிலும் காற்றும் குடித்தது போக மிஞ்சியதை வாரிப் பிழைக்கிற ஊர். அங்கே மழைக்காக வானத்தைப் பார்த்தவர் யாரும் கிடையாது, கல்யாண வீட்டில் தவறி அந்தச் சொல்லை எடுத்தால்கூடப் பெரியவர்கள் முறைப்பார்கள். அதனால் தை பிறந்து, பாத்தி மிதித்துச் சீராக்கி, புது உப்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற நேரத்திலும் கடைசி வீட்டில் மழை நிற்காதது கண்டு ஊர் கலங்கிப்போயிற்று. இன்றைக்கு ஒரு வீடு, நாளைக்கு அளம் முழுக்கப் பரவினால் என்ன செய்வது என்று உப்பளச் சங்கக் கொட்டகையில் கூடினார்கள்.

சங்கத் தலைவர் பால்துரை அண்ணாச்சி நிதானமான மனிதர், எந்தப் பிரச்சினையையும் விருந்தாளி வந்த மாதிரிதான் பார்ப்பார். "கடல்ல இருந்து அம்புட்டுத் தூரம் வந்துருக்கு. நம்மள்ல யாராச்சும் ஒரு வாய்ச் சோறு போட்டமா? பசியோட உக்காந்துருக்கு, எப்படிப் போவும்? ஆக்கிப் போட்டு மரியாதையா அனுப்பிருவோம்" என்றார். அதுதான் சரி என்று எல்லாருக்கும் பட்டது.

வீட்டுக்கு ஓர் அடுப்பு என்று சுயம்புக்கனியின் முற்றத்தில் கல் கூட்டினார்கள், மேலே தார்ப்பாய் கட்டினார்கள், சீமைக்கருவேல விறகை அள்ளிவைத்து எரித்தார்கள், சோறும் பருப்பும் முருங்கைக்காய்க் குழம்பும் இலையில் போட்டு, வானத்தைப் பார்த்துக் கும்பிட்டு, சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள் என்றார்கள். வந்தவர் சாப்பிட்டார், கிளம்பவில்லை. அத்தனை அடுப்பின் சூடும் மேலே ஏறியதில் அவருக்குத் தெம்பு கூடி, சுற்றுவட்டாரக் காற்றையெல்லாம் நாலாபக்கமிருந்தும் தன்னிடம் இழுக்க ஆரம்பித்தார். அளத்துப் பக்கத்துக் காற்று ஊரை நோக்கி வந்தது, ஊருக்குள் இருந்த காற்று அளத்தை நோக்கிப் போயிற்று, ரெண்டும் சுயம்புக்கனியின் வாசலில் சந்தித்து, அவள் வீட்டைத் தொட்டு மேலே ஏறி, மேகமாகி, அவள் கூரையிலேயே மழையாக விழுந்தன. எந்தத் தெருக் கொடியில் சேலை காயப்போட்டாலும் அதன் முந்தி அவள் வீட்டைத்தான் காட்டியது.

படையல் வீணாய்ப் போயிற்றே என்று தலையில் கைவைத்திருந்தவர்கள் மறுவாரம் அளத்துக்குப் போய்ப் பார்த்தபோது, பாதி நாளிலேயே பாத்தி முழுக்க உப்புப் பூத்துக் கிடந்தது. மேலே சுட்டெரிக்கும் வெயில், கீழே நிற்காத காற்று, மழையோ ஒரே ஒரு வீட்டோடு சரி. உப்பு விளைய இதற்கு மேல் என்ன வேண்டும். பால்துரை அண்ணாச்சி ஒரு கல் உப்பை எடுத்து வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும், நம்ம வீட்டுக்கு வந்தவரு" என்றார். அதற்குப் பிறகு வந்தவரைப் போகச் சொல்லி அளத்துக்கரையில் யாரும் கும்பிடவில்லை.

கும்பிடாதது மட்டுமில்லை, அவர் போய்விடாமல் பார்த்துக்கொள்ளவும் ஊர் பழகிக்கொண்டது. அடுப்பு எரிகிறவரை காற்று இழுக்கும் என்பது தெரிந்துவிட்டதால், தினமும் ஒரு வீட்டார் முறைவைத்து ஒரு கட்டு விறகை அவள் வாசலில் கொண்டுவந்து போட்டார்கள், அதற்குக் காற்று விறகு என்று பெயர் வந்தது. கூரைத் தண்ணீர் அளத்துக்குள் போய்விடாமல் ஓடைக்கு வாய்க்கால் வெட்டினார்கள். நல்ல தண்ணீருக்கு லாரியை எதிர்பார்த்துக் கிடந்த பெண்கள், அவள் கூரைத் தாழ்வாரத்தில் குடத்தை வைத்துச் சலிக்கச் சலிக்கப் பிடித்துப் போனார்கள். அவள் வீட்டுக்கு வருவது சுலபம், காற்றே தள்ளிக்கொண்டு வந்து விட்டுவிடும். திரும்பிப் போவதுதான் பாடு. அதற்காக அவள் வாசல் தூணிலிருந்து தெருமுனை வரை ஒரு தேர்வடக் கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

சுயம்புக்கனியை அளத்து வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நீ அடுப்பைப் பார்த்துக்கொண்டால் போதும், உன் பங்கு உப்பு உனக்கு வந்துவிடும் என்றார்கள். முதலில் அவளுக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. எல்லாக் காற்றும் அவளிடம் வந்ததால் எல்லா வாசனையும் எல்லாப் பேச்சும் கூடவே வந்தன. யார் வீட்டில் நெத்திலி வறுக்கிறார்கள், எந்த மாமியார் எந்த மருமகளை என்ன சொல்லித் திட்டினாள், பால்துரை அண்ணாச்சி தனியாக இருக்கும்போது என்ன பாட்டுப் பாடுகிறார் என்பதெல்லாம் அவளுக்கு வீட்டில் இருந்தபடியே தெரிந்தது. கொஞ்ச நாள் சிரித்துச் சிரித்துக் கேட்டாள், அப்புறம் அலுத்துவிட்டது.

ஆனால் அவள் பேச்சு ஒன்றும் வெளியே போகவில்லை. வாசலில் நின்று கத்தினாலும் காற்று அதைத் திருப்பிக் கொண்டுவந்து அவள் வாயிலேயே போட்டது. வீட்டுக்குள் வந்தவர்களிடமும் தகரத்தில் விழும் மழைக்கு மேலே தொண்டை கிழியக் கத்தினால்தான் உண்டு, அவர்களும் பாதியைக் கேட்டு மீதிக்குத் தலையாட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாளாக ஆக ஊரில் அவளுக்கு ஒரு நல்ல பேர் வந்துவிட்டது. தங்கமான புள்ள, வாயே தொறக்காது என்று பெண்கள் தெருமுனையில் பேசிக்கொண்டது அவளுக்கு வரிவிடாமல் கேட்டது.

பங்குனியில் அவள் உண்டானாள். அதற்கு மறுவாரம் தவசிலிங்கம் பாயைச் சுருட்டினான். அவனுக்குச் சின்ன வயசிலிருந்தே இழுப்பு, சுவரெல்லாம் பாசி பிடித்த வீட்டில் படுத்து எழுந்தால் நெஞ்சு சீட்டியடித்தது.

"அளத்துக் காவல் கொட்டகையில போயி ரெண்டு நாள் படுக்கேன். ஈரம் கொறையட்டும், வந்துருதேன்" என்றான்.

"எப்பக் கொறையும்?" என்று அவள் கத்திக் கேட்டாள்.

"கொறையும்ட்டி."

ரெண்டு நாள் என்றவன் அங்கேயே தங்கிவிட்டான். பகலில் வருவான், சாப்பிடுவான், அவள் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பான், கயிற்றைப் பிடித்துக்கொண்டு போய்விடுவான். நெஞ்சு இழுத்தாலும் பீடியை மட்டும் விடவில்லை, அந்தப் பீடிப் புகையும், அவன் இருமலும், தூக்கத்தில் அவன் விடும் பெருமூச்சும் அளத்திலிருந்து தவறாமல் அவளுக்கு வந்து சேர்ந்தன. அவள் இங்கே புரண்டு படுத்தது அவனுக்குத் தெரிய வழியில்லை. அவளுக்கு அவன்மேல் பிரியமும் இருந்தது, ஆத்திரமும் இருந்தது.

ஆடியில் ஒரு வானிலை அதிகாரி ஜீப்பில் வந்தார். அழுத்தம் அளக்கும் கருவியைத் தெருமுனையில் வைத்துப் பார்த்தார், அவள் அடுப்படியில் வைத்துப் பார்த்தார், ஊரைக் கூட்டிவைத்து விளக்கமும் சொன்னார். சூடான காற்று லேசாகி மேலே ஏறிவிடுகிறது, அந்த இடத்தில் அழுத்தம் குறைகிறது, குறைந்த இடத்தை நிரப்பச் சுற்றியுள்ள கனத்த காற்று ஓடி வருகிறது, ஏறின காற்று மேலே குளிர்ந்து மழையாகிறது, உலகம் முழுக்க இப்படித்தான், இங்கே அளவு மட்டும் சின்னது என்றார். இதைத்தானே நாங்கள் தை மாசத்திலிருந்து செய்கிறோம் என்று ஊரார் அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். ஜீப்பில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டே அவர் டிரைவரிடம், "அடுப்பை அணைச்சுக் கொஞ்ச நாள் விட்டா எல்லாம் தலைகீழாயிடும். சுத்தி அளம் கொதிக்குது, அந்த வீடு ஊறிப்போய்க் குளுந்து கெடக்கு. குளுந்த காத்து கனமில்லையா, கீழ எறங்கி வெளிப்பக்கமா அடிக்க ஆரம்பிச்சிரும்" என்றார். டிரைவர் வண்டியைக் கிளப்பும் சத்தத்தில் அதைக் கவனிக்கவில்லை. கடைசி வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்த சுயம்புக்கனி கவனித்தாள்.

அவளுக்கு அப்போது வேண்டியிருந்தது ஒன்றுதான். தன் பிள்ளை காய்ந்த தரையில் பிறக்க வேண்டும், காய்ந்த துணியில் சுற்றிப் படுக்க வேண்டும். வீட்டில் காய்ந்த துணி என்று ஒன்றுகூட இல்லை, கட்டின சேலை உடம்புச் சூட்டில்தான் காய்ந்தது, உள்ளங்கால் எந்நேரமும் வெளுத்துச் சுருங்கியே கிடந்தது. ஏழாம் மாசம் வளையல் போட்டதும் முதல் பிரசவத்துக்குத் தாய் வீட்டார் கட்டுச்சோற்றோடு வந்து கூட்டிப்போவது வழக்கம். அம்மா இருப்பது கரிசல் காட்டில் உசிலங்குளத்தில், அங்கே கொடியில் போட்ட துணி திரும்பிப் பார்ப்பதற்குள் மொடமொடவென்று காய்ந்துவிடும். அந்த நினைப்பிலேயே அவள் ஆறு மாசத்தையும் ஓட்டினாள்.

ஏழாம் மாசம் பிறந்ததும் சங்கக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். அவளைக் கூப்பிடவில்லை, அவளும் போக வேண்டியிருக்கவில்லை.

"தாய் வீட்டுக்கு அனுப்பாம இருக்கப்படாது, அது நம்ம வழக்கம்" என்றார் பால்துரை அண்ணாச்சி. "ஆனா போனா கைப்பிள்ளையோட எப்பத் திரும்புவாளோ. அதுவரைக்கும் அடுப்பு?"

"வேற யாராச்சும் அங்கன இருந்து எரிக்கட்டுமே" என்றது ஒரு குரல்.

"சரி. யாரு இருக்கிய?"

ஒரு செருமல் கேட்டது, யாரோ வெற்றிலைச் செல்லத்தை மூடுகிற சத்தம் கேட்டது. அந்த ஈரத்தில் ஒரு நாள் படுக்க அளத்துக்கரையில் ஆளில்லை. கடைசியில் தவசிலிங்கத்தின் குரல் வந்தது.

"அவளுக்குப் பழகிட்டு அண்ணாச்சி. பிரசவத்த இங்கனயே வச்சிக்கிடலாம். அவ ஒண்ணும் சொல்ல மாட்டா."

அதோடு நில்லாமல், கொட்டகைக்கு வெளியே வந்து அவள் அம்மாவுக்குப் போன் போட்டான். "அத்தே, டாக்டரம்மா பஸ்ஸுலயும் கார்லயும் போவவே கூடாதுன்னுட்டாவ. நீங்க அலைய வேண்டாம், நான் பாத்துக்கிடுதேன். இங்கன ஊரே அவளத் தாங்குது" என்றான். டாக்டரம்மா அப்படியொன்றும் சொல்லவில்லை, நன்றாக நட என்றுதான் சொல்லியிருந்தாள். சுயம்புக்கனி வாசலுக்கு ஓடிவந்து, பொய், பொய் என்று தன் பலம் முழுக்கக் கத்தினாள், காற்று அதை அப்படியே திருப்பிக்கொண்டுவந்து அவளுக்கே சொன்னது. அவளிடம் இருந்த போன் சித்திரையிலேயே தண்ணீர் குடித்துச் செத்துவிட்டது. புருஷன் பொய் சொன்னதைவிட, அவள் ஒன்றும் சொல்ல மாட்டாள் என்று அவன் அத்தனை நிம்மதியாகச் சொன்னதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

மறுநாள் ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு கயிற்றைப் பிடித்து நடந்தாள். வயிறு முன்னே இழுக்க, காற்று பின்னே தள்ள, பாதிக் கயிறு போவதற்குள் மூச்சு முட்டி முழங்காலில் உட்கார்ந்துவிட்டாள். குடத்தோடு வந்த பெண்கள் பதறிப்போய் அவளைத் தூக்கினார்கள், தவசிலிங்கமும் ஓடிவந்தான்.

"எங்கட்டி கிளம்பிட்ட, விழுந்து வச்சா என்னாவும்?" என்று தோளில் கைகொடுத்து வீட்டுக்குத் திருப்பினான். திரும்புவதற்குக் கஷ்டமே இல்லை, காற்றே அவர்களை வாசல்வரை தள்ளிக்கொண்டு போயிற்று.

வளைகாப்பை ஊரே சேர்ந்து நடத்தியது. அதில் கபடம் இல்லை, அந்தப் பெண்களுக்கு அவள்மேல் உண்மையிலேயே பாசம்தான். தார்ப்பாய்க்குக் கீழே மணையில் உட்காரவைத்து, முழங்கைவரை கண்ணாடி வளையல் அடுக்கி, கன்னத்தில் சந்தனம் தடவினார்கள், சந்தனம் காயாமல் கழுத்தில் வழிந்தது. எதிர்த்த வீட்டுப் பூரணத்தம்மாள், ஊரில் எல்லா வளைகாப்பிலும் முதல் வளையல் போடுகிறவள், அவள் காதருகே வாய்வைத்து, எல்லாப் பிள்ளைத்தாய்ச்சிகளிடமும் சொல்வதைப் பழக்கத்தில் இவளிடமும் சொன்னாள்.

"வளையல் போட்டாச்சு தாயி. இனிமே நீ அடுப்படிக்கே போவப்படாது. வீட்டுக்கு வீடு சோறு வரும், உக்காந்து சாப்பிடு."

சுயம்புக்கனி அவளை நிமிர்ந்து பார்த்தாள். "சரி மதினி" என்றாள்.

அன்று தணிந்த அடுப்பை அவள் திரும்ப மூட்டவில்லை. வழக்கத்தை மீற முடியாது, வளையல் போட்ட பெண்ணை அடுப்படிக்கு அனுப்புவது பாவம் என்று ஊருக்கே தெரியும். புளியோதரை வந்தது, எலுமிச்சைச் சோறு வந்தது, தேங்காய்ச் சோறு வந்தது, கருப்பட்டிப் பணியாரம் வந்தது, ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டைவிட ருசியாக ஆக்கிக் கொண்டுவந்தது. சோறு கொடுத்தால் புண்ணியம், அதனால் எல்லாரும் கொடுத்தார்கள். அடுப்பு மூட்டுவது யார் முறை என்று எந்த வழக்கத்திலும் இல்லை, அதனால் ஒருவரும் மூட்டவில்லை. காற்று விறகு வாசலில் அடுக்கியபடியே ஊறியது. காற்று மட்டுப்படுவதைக் கண்ட பால்துரை அண்ணாச்சி பூரணத்தம்மாளைக் கூப்பிட்டு, நீயாவது போய் ஒரு நாலு விறகு வைத்து எரித்துவிட்டு வாயேன் என்றார்.

"அது எல்லாம் சொதசொதன்னு நனஞ்சு கெடக்கு, யாரு ஊதுவா? எனக்கே மூட்டுவலி. உங்க வீட்டுல அனுப்புங்களேன் அண்ணாச்சி" என்றாள் அவள். அண்ணாச்சி தன் வீட்டில் கேட்டார், அங்கேயும் மூட்டுவலி இருந்தது.

காற்று நின்றது. கொடியில் சேலைகள் நேராகத் தொங்கின, பாத்தியில் தண்ணீர் அசையாமல் கிடந்தது, கடைசி வீட்டுக்கு மேலே இருந்த மேகம் இழை இழையாகப் பிரிந்து, நடுவில் நீலம் தெரிந்தது. சுற்றிலும் அளம் வெள்ளைவெளேரென்று கொதிக்க, பல மாச மழையில் ஊறின அந்த வீடு மட்டும் மண்பானைத் தண்ணீர் மாதிரி குளிர்ந்து கிடந்தது. ஒரு மத்தியானம் அதன் வாசலிலிருந்து ஒரு குளிர்காற்று கிளம்பி, தெருவுக்குள் போயிற்று, அளத்துக்குப் போயிற்று, சேலை முந்திகளையெல்லாம் வெளிப்பக்கமாகத் திருப்பியது. சுயம்புக்கனி முற்றத்தில் வெயிலில் நின்று வயிற்றைத் தடவிக்கொண்டு, "வெயிலு எப்படி இருக்குன்னு பாத்துக்க. இப்ப ஆச்சி வீட்டுக்குப் போவோம்" என்று தன் பிள்ளையிடம் மெதுவாகச் சொன்னாள்.

அது ஒவ்வொரு வீட்டிலும், பக்கத்தில் உட்கார்ந்து சொன்ன மாதிரி கேட்டது. சாப்பிட்டவர்கள் கையை நிறுத்தினார்கள். அவள் பேச்சு நமக்கு இப்படிக் கேட்கிறதென்றால் நம் பேச்சு இத்தனை நாளும் அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறைத்தது. மாமியார்கள் மருமகள்களைப் பார்த்தார்கள், அண்ணாச்சிக்குத் தன் பாட்டு ஞாபகம் வந்தது, கூட்டத்தில் பேசினதும் பேசாமல் இருந்ததும் எல்லாருக்கும் ஞாபகம் வந்தன.

அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். அவளை நிறுத்த வேண்டும் என்று சிலர் ஓடிவந்தார்கள், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் சிலர் ஓடிவந்தார்கள், எதற்கு என்று தெரியாமலும் சிலர் வந்தார்கள். இத்தனை நாளும் அந்த வீட்டுக்குக் காற்றோடு போய்ப் பழகினவர்களுக்கு எதிர்க்காற்றில் ஓரடி வைக்க முடியவில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றார்கள், வேட்டியும் சேலையும் படபடத்தன. அவளோ கயிற்றைத் தொடவே இல்லை, முதுகில் கைவைத்துத் தாங்கிக் கூட்டிப்போவதுபோலக் காற்று அவளை நடத்திக்கொண்டு போயிற்று, வளையல்கள் கலகலத்தன. ஊர் ரகசியம் எல்லாம் அவள் வாயில் இருந்தது, அவள் வாயைத் திறந்தால் அளத்துக்கரையில் பாதிக் குடும்பம் பிரிந்துவிடும். அவள் அதையெல்லாம் பேச நினைக்கவில்லை.

தெருமுனையில் தவசிலிங்கம் கயிற்றைக் கட்டிப்பிடித்து, நெஞ்சு இழுக்க இழுக்க நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு நேராக வந்ததும் அவள் நின்றாள். இப்படி ஆயிற்றே என்று அவளுக்கு அழுகை வந்தது, அழவில்லை.

"டாக்டரம்மா போவச் சொல்லிட்டாவ" என்றாள்.

ஊர் முழுக்கக் கேட்டது. அவன் ஏதோ சொன்னான். வாய் அசைந்தது, கண்ணில் தண்ணீர் நின்றது, கையை அவள் பக்கமாக நீட்டினான், ஆனால் சொன்ன சொல்லைக் காற்று அவன் உதட்டிலிருந்தே எடுத்து அளத்துப் பக்கம் கொண்டுபோய்விட்டது. இத்தனை மாசத்தில் முதல்முறையாக அவன் பேசியது அவளுக்குக் கேட்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, தார் ரோட்டை நோக்கி நடந்தாள்.

ரோட்டுக்கு வந்தபோது காற்று இல்லை. எல்லா ஊரிலும் இருக்கிற மாதிரி லேசாக அசைந்தது, அவ்வளவுதான். பஸ் வந்தது, ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். கண்டக்டர் பக்கத்தில் வந்து எங்கேம்மா என்றார்.

"உசிலங்குளம்" என்று அவள் அடித்தொண்டையிலிருந்து கத்தினாள். முன் சீட்டுக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

கண்டக்டர் வயசானவர், கோபப்படவில்லை. "மெதுவாச் சொல்லு தாயி" என்றார். "கேக்கத்தான செய்யுது."